கடல் இன்னும் காலை விட்டு இறங்கவில்லை

அன்பு மகளுக்கு,

வழமையாக என் கடிதத்தின் முதல் வரி, இங்கு யாவரும் சுகம் என்று இருக்கும். இந்த வீட்டில் இருப்பது நான் ஒருவன்தான், ஆனாலும் யாவரும் என்று எழுதித்தான் பழக்கம். அந்த யாவரில் பூனையும் சேர்த்தியா அப்பா என்று நீ ஒருமுறை கேட்டு எழுதியிருந்தாய். இந்த முறை அந்த வரியை எழுதக் கை வரவில்லை. உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. கூறைச் சேலை பற்றி, கொழும்பு வெயில் பற்றி, அறையில் கூட இருக்கும் பிள்ளை குறட்டை விடுவது பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு, அடியில் இடம் மிஞ்சியதே என்பதுபோல நாலு வரி எழுதியிருந்தாய். ஒன்றரை மாதமாக எழும்பி நின்றால் தலை சுற்றுகிறது, கந்தோர் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது, இரண்டு நேரமும் பஸ்ஸில் நின்றுகொண்டு போய் வருவதால்தான், பயப்படாதீங்கோ, நீங்கள் சொல்கிற மாதிரி பஸ் இன்னும் காலை விட்டு இறங்கவில்லை, கல்யாணம் முடிய ஒருக்கால் டொக்டரிடம் காட்டுவோம் என்று. அந்த நாலு வரியை எத்தனை தரம் வாசித்தேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது.

அன்று பின்னேரமே சந்திக் கடையிலிருந்து உனக்குப் போன் எடுத்தேன். எனக்குப் பின்னால் ஐந்து பேர் வரிசையில் நின்றார்கள், கடைக்காரன் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். “உடன ஆஸ்பத்திரிக்குப் போ பிள்ளை” என்று கத்தினேன். நீ “ஓம் அப்பா, பார்ப்பம்” என்றாய். பார்ப்பம் என்ற சொல் எங்கள் வீட்டுச் சொல். அதற்குள் எத்தனை மாதம் அடங்கும் என்று எனக்குத் தெரியும். காரணத்தைச் சொன்னால்தான் நீ போவாய், அந்தக் காரணத்தை ஐந்து பேருக்கு முன்னால் நின்று சொல்ல ஏலாது. எட்டு வருடமாக உனக்கும் சொல்லவில்லை. ஆகவே எழுதுகிறேன். எழும்பி நின்று வாசிக்காதே, எங்கேயாவது இருந்துகொண்டு வாசி.

முப்பது வருடம் திருகோணமலைக்கும் மூதூருக்கும் இடையில் சனம் ஏற்றுகிற லோஞ்சுப் படகில் சுக்கான் பிடித்தவன் நான். அந்த லோஞ்சில் எனக்கு ஒரு பெயர் இருந்தது, பகிடிக்காரன் என்று. படகு கட்டும் ஜெட்டியில் நேவி எல்லோரையும் இறக்கி, பையைக் கொட்டி, அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வெயிலில் காயவைத்துத்தான் ஏற்றும். ஏறுகிற சனம் செத்த முகத்தோடு ஏறும். அவர்களைச் சிரிக்க வைப்பது என் வேலை என்று நானே எடுத்துக்கொண்டேன். கடல் பழக்கமில்லாத ஆள் கரையில் கால் வைத்தவுடன் தள்ளாடுவான், நிலம் ஆடுவதுபோல இருக்கும். அப்போது நான் மேலேயிருந்து சத்தம் வைப்பேன்: “தம்பி, கடல் இன்னும் காலை விட்டு இறங்கேல்லை, ரெண்டு நிமிசம் நிண்டு இறக்கிப்போட்டுப் போங்கோ!” எல்லோரும் சிரிப்பார்கள். அந்த ஆட்டம் ஒன்றும் செய்யாது, சிலருக்கு ஒரு மணித்தியாலம் இருக்கும், சிலருக்குப் படுத்து எழும்பும் மட்டும் இருக்கும், பிறகு போய்விடும். கடலில் வேலை செய்கிற எங்களுக்குத் தலைச்சுற்று என்றால் அதுதான். வேறொன்று இருக்கிறது என்றே எங்களுக்குத் தோன்றாது.

உன் அம்மா மூதூரில் படிப்பித்த காலம் உனக்கு நன்றாக நினைவிருக்கும். காலமை ஏழு மணி லோஞ்சில் போய், பின்னேர லோஞ்சில் வருவார். போக வர என் லோஞ்சுதான். நான் முன்னால் சுக்கானில், அம்மா எனக்குப் பின்னால் மூன்றாவது பலகையில், மடியில் கொப்பிக் கட்டோடு. சுக்கான் பிடிக்கிறவன் பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தக் குடாவில் எங்கே நேவிப் படகு நிற்கும், எங்கே வலை கிடக்கும் என்று முன்னால்தான் பார்க்க வேண்டும். அதை நான் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். பெண்சாதியைக் கூடத் திரும்பிப் பார்க்காமல் ஓட்டுகிறவன் என்று.

அந்த வருடம் தைப்பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் அம்மாவுக்குத் தலைச்சுற்றுத் தொடங்கியது. கொடியில் உடுப்புப் போட்டுவிட்டுத் திரும்பும்போது சுவரைப் பிடிப்பார். குசினியில் குனிந்து நிமிர்ந்தால் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். நான் என் பகிடியைச் சொன்னேன். நீயும் சிரித்தாய், அம்மாவும் சிரித்தார். பிறகு ஆவணியில் சண்டை பெருத்து ஒரு மாதத்துக்கு மேல் லோஞ்சு ஓடவில்லை, பள்ளிக்கூடமும் இல்லை, அம்மா வீட்டில்தான் இருந்தார். கடலே இல்லை. அப்படியும் தலைச்சுற்று நிற்கவில்லை. ஒருநாள் அலுமாரிக் கதவைப் பிடித்தபடி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். எனக்கு மூளை இருந்தால் அன்றைக்கே விளங்கியிருக்க வேண்டும். ஆனால் என்னிடம் இன்னொரு விளக்கம் தயாராக இருந்தது. சீனன்குடாப் பக்கமிருந்து ஷெல் போகிற சத்தம், ஹெலி தலைக்கு மேலே, யாருக்குத்தான் தலை சுற்றவில்லை, பயம்தான் என்றேன். பக்கத்து வீட்டுக்காரர்களும் பயம் என்றார்கள். கோயிலில் நூல் கட்டிக்கொண்டு வந்தோம். அந்த நூலைக் கட்டிய கையின் உள்ளங்கை எப்படி வெளிறிக் கிடந்தது என்பதை நான் பார்க்கவில்லை.

பார்க்க எவ்வளவோ இருந்தது, மகள். அம்மாவிடம் படித்த தோப்பூர்ப் பிள்ளையொன்றின் தகப்பன் கொண்டுவந்து தந்த பச்சையரிசியை அம்மா நாள் முழுக்க வாயில் போட்டுச் சப்பிக்கொண்டு திரிந்தது உனக்கு நினைவிருக்கிறதா? நாங்கள் இரண்டு பேரும் கோழி என்று பகிடி பண்ணினோம். ஜெட்டியிலிருந்து வீடு வரும் சின்ன ஏற்றத்தில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்று கையை வைத்துக் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு காரணம் சொன்னேன். எனக்குக் காரணம் சொல்லத் தெரியாத ஒன்றும் இந்த உலகத்தில் இருக்கவில்லை.

இனி எழுதப்போவது ஒரு தகப்பன் மகளுக்கு எழுதுகிற விஷயம் இல்லை. எழுதாமல் விட்டதால் வந்த வினையைப் பார்த்துவிட்டதால் எழுதுகிறேன். புரட்டாசியில் ஒருநாள் பின்னேரம், லோஞ்சின் இயந்திரம் பார்க்கிற சலீம் நானா முன் அறையில் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். சீனி எடுக்க நான் குசினிக்குப் போனேன். அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “இஞ்சாருங்கோ, எனக்கு மாதத்தில பத்து நாள், பன்ரண்டு நாள் நிக்குதில்லை. கனக்கப் போகுது. அதாலதான் தலை சுத்துதோ தெரியேல்லை. ஒருக்கா ஆஸ்பத்திரிக்குப் போட்டு வருவமே?” எனக்குக் கூச்சம். கூச்சம் வந்தால் எனக்குச் சிரிப்பு வரும், அது என் பிறவிக் குணம். முன் அறையில் ஆள் இருக்கிறார் என்ற எண்ணம் வேறு. “கடல் இன்னும் காலை விட்டு இறங்கேல்லைப் போல” என்று சிரித்துக்கொண்டே சீனிப் போத்தலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அம்மா அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கவே இல்லை.

கடைசி நாள் காலமை ஜெட்டியில் லோஞ்சுக்கு ஏறும்போது அம்மா என் கையைப் பிடித்தார். நாலு பேருக்கு முன்னால் என் கையைப் பிடிக்கிற ஆள் இல்லை அவர். கை குளிர்ந்துபோய் இருந்தது. “என்ன டீச்சர், இண்டைக்குப் பாசம் கூடிப்போச்சு?” என்றேன். சனம் சிரித்தது. மூதூரில் அவரை இறக்கிவிட்டு அடுத்த சனத்தை ஏற்றிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தேன். பத்து மணிபோலக் குடாவில் வெடிச் சத்தம் கேட்டது. லோஞ்சைக் கட்டச் சொல்லி நேவி உத்தரவு. மத்தியானம் அம்மா வகுப்பில் விழுந்துவிட்டார் என்று கச்சேரிக் கந்தோருக்குத் தகவல் வந்து, அங்கிருந்து எனக்கு வந்தது. மூதூர் ஆஸ்பத்திரியில் இருந்த டொக்டர் தன்னால் ஆனதைச் செய்தார். உடம்பில் இரத்தமே இல்லை, ஏற்ற வேண்டும், அதற்குத் திருகோணமலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். கிண்ணியாப் பாதையும் பூட்டு, கடலும் பூட்டு. அடுத்த நாள் பின்னேரம்தான் கடல் திறந்தது. நான் லோஞ்சைக் கொண்டுபோய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. திரும்பி வரும்போது சுக்கானைச் சலீம் நானாவிடம் கொடுத்துவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் பலகையில் இருந்தேன். கலியாணம் கட்டி இருபது வருடத்தில் அந்த லோஞ்சில் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வந்தது அந்த ஒரு பயணம்தான்.

செத்த வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் ஒரே வசனத்தைச் சொன்னார்கள், யுத்தம் கொண்டுபோய்விட்டது என்று. நீயும் அப்படித்தான் நம்புகிறாய். பள்ளிக்கூடக் கட்டுரையில் கூட எழுதினாய், பாதை பூட்டியதால் என் தாயை இழந்தேன் என்று. அதை வாசித்த அன்று உனக்கு உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும், எனக்குத் தைரியம் வரவில்லை. பாதை பூட்டிக் கிடந்தது ஒன்றரை நாள், பிள்ளை. அதற்கு முந்தின பத்து மாதமும் பெரியாஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து கால் மணித்தியால நடையில்தான் இருந்தது. எத்தனை ஷெல் விழுந்தாலும் அதன் கதவு திறந்துதான் இருந்தது. யுத்தத்தின் தலையில் கட்டுவதற்கு இந்த ஊரில் எவ்வளவோ இருக்கிறது. இதை மட்டும் நான் கட்டமாட்டேன்.

எட்டுச் செலவுக் கிரியை முடிந்து ஒரு கிழமையில் ரஹீமா டீச்சர் வந்தார், அம்மாவோடு மூதூரில் படிப்பித்தவர். நீ அன்று டியூஷனுக்குப் போயிருந்தாய். அம்மாவின் குடையையும் கொப்பிகளையும் மேசையில் வைத்துவிட்டு அவர் சொன்னார்: “அண்ணன், டீச்சருக்கு ஒரு வருசமா இந்தக் கரைச்சல். கதிரையில இருந்துதான் பாடம் எடுத்தவ. ஆஸ்பத்திரிக்கு நானும் வாறன் எண்டன். வீட்டில சொல்லீற்றன், அவர் சிரிச்சவர், இனி எப்பிடிச் சொல்றது எண்டு கேட்டவ.” அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, அழுதுகொண்டு சொன்னார். எனக்கு அன்று நிலம் ஆடியது. அதற்கும் கடலுக்கும் சம்பந்தம் இல்லை.

அடுத்த நாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போய், ஒரு நோய் வருத்தமும் இல்லாத ஆள், வரிசையில் நின்றேன். இளம் டொக்டர். என்ன செய்கிறது என்று கேட்டார். எனக்கு ஒன்றும் செய்யவில்லை, தலைச்சுற்று என்றால் என்ன என்று சொல்லுங்கோ ஐயா என்றேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார். கதையைச் சொன்னதும் பேனையைக் கீழே வைத்தார். “தலைச்சுத்து ஒரு வருத்தமில்லை ஐயா, வருத்தம் கூப்பிடுற சத்தம். யார் கூப்பிடுறது எண்டு போய்ப் பாக்க வேணும்” என்றார். மாதாமாதம் கூடப் போனால் இரத்தம் குறையும், குறைந்தால் உள்ளங்கையும் கீழ்க்கண் இமையின் உட்புறமும் வெளிறும், படியேற மூச்சு வாங்கும், நெஞ்சு அடிக்கும், சிலருக்குப் பச்சையரிசி, மண், ஐஸ் என்று தின்னத் தோன்றும் என்று சொன்னார். நான் கோழி என்று சிரித்தது அதைத்தான். கர்ப்பப்பையில் கட்டி இருந்திருக்கலாம், வேறெதுவாகவும் இருந்திருக்கலாம், பார்க்காமல் சொல்ல ஏலாது என்றார். உன் அம்மாவுக்கு என்ன வருத்தம் என்று இன்றைக்கும் ஒருவருக்கும் தெரியாது. யாரும் பார்க்கவில்லை.

உனக்கும் அதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் பழையபடி நானே பெயர் வைக்கிற வேலைதான். சலீம் நானாவுக்கும் பிறகு ஒருமுறை தலைச்சுற்று வந்தது, படுக்கையில் திரும்பிப் படுத்தால் வீடே சுழலும், குமட்டிக்கொண்டு சத்தி வரும். நான் விடவில்லை, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அது காதுக்குள் இருக்கிற கோளாறு, டொக்டர் அவரைப் படுக்க வைத்துத் தலையை ஒரு விதமாகத் திருப்பித் திருப்பி நிமிர்த்த, அடுத்த கிழமையே மனுஷன் இயந்திரத்தோடு சண்டை பிடிக்க வந்துவிட்டார். போன வருடம் எனக்குப் பிரஷர் குளிசையைக் கூட்டித் தந்தார்கள், கட்டிலால் எழும்பினால் கண் இருண்டது. அடுத்த நாளே போய்ச் சொன்னேன், குறைத்துவிட்டார்கள். காலமைச் சாப்பாட்டை விட்டுவிட்டு வெறும் தேத்தண்ணியோடு ஓடினாலும் வரும், தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நின்றாலும் வரும், இரத்தத்தில் சீனி ஏறி இறங்கினாலும், நெஞ்சுத் துடிப்பு ஒழுங்கு தப்பினாலும் வரும். ஒருநாள் வந்து, சாப்பிட்டுப் படுத்து எழும்ப அது போய்விட்டால் விட்டுவிடலாம். நாட்கணக்கில் இழுத்தால், திரும்பத் திரும்ப வந்தால், போக வேண்டும். உனக்கு ஒன்றரை மாதம்.

போகும்போது இதையெல்லாம் சொல்லு. எப்போது தொடங்கியது, எழும்பும்போது வருகிறதா படுத்திருக்கும்போதும் வருகிறதா, அறை சுழல்கிறதா கண் இருள்கிறதா, என்ன குளிசை போடுகிறாய் என்று. மாதத்தில் எத்தனை நாள் போகிறது, எத்தனை துணி மாற்றுகிறாய் என்பதையும் சொல்லு. இதை எழுதும்போது என் காது சுடுகிறது, சுடட்டும். பெண் டொக்டர் என்றால் உனக்கு லேசு என்றால் பெண் டொக்டரைத் தேடிப் போ. இரத்தம் குறைவு என்று நீயே நினைத்துக்கொண்டு கடையில் இரும்புச் சத்துக் குளிசை வாங்கிப் போட்டு அடக்காதே, ஏன் குறைந்தது என்று பார்க்க வேண்டும். தலைச்சுற்றோடு மயங்கி விழுந்தால், நெஞ்சு நொந்தால், வாய் கோணினால், கதை குழறினால், ஒரு பக்கக் கையோ காலோ சோர்ந்தால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால், ஒருபோதும் வராத தலையிடி திடீரென்று வந்தால், அதற்கு நாளைக்கு என்ற கதையே இல்லை, அந்த நிமிசமே போக வேண்டும். உன் அறைப் பிள்ளையிடமும் இதைச் சொல்லி வை. விழுகிறவளுக்குத் தானாகப் போக ஏலாது.

கல்யாணம் முடியட்டும் என்கிறாய். ஏன் என்று எனக்குத் தெரியும். பெண்ணுக்கு ஏதோ வருத்தமாம் என்ற கதை மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்ற பயம். அந்தப் பயத்தை நேற்று நான் தீர்த்துவிட்டேன். பின்னேரம் சேட்டு மாற்றிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய், இப்போது உனக்கு எழுதிய அத்தனையையும் சொன்னேன். அம்மாவின் கதையையும், என் சிரிப்பையும், உன் நாலு வரியையும். நீ கோபிப்பாய். உன்னைக் கேட்காமல் செய்தது பிழைதான். மாப்பிள்ளையின் தகப்பன் நிலத்தைப் பார்த்தபடி இருந்தார், அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. தாய்தான் எழும்பினார். “ஒண்டரை மாதமோ? அப்ப இன்னும் ஏன் காட்டேல்லை? நீங்கள் தகப்பனோ என்ன?” என்று ஏசினார். “நாள் தள்ளிப் போனாத் தள்ளிப் போகட்டும். முதல்ல பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ” என்றார். அந்த ஏச்சை எட்டு வருடத்துக்கு முன் யாராவது எனக்குத் தந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டு வீதியால் நடந்து வந்தேன்.

நீ கோபத்தோடேயே போ, அது எனக்குப் பரவாயில்லை. கொழும்பில் தங்குவதற்கான கடிதத்தை எங்கள் கிராம அலுவலர் விதானையாரிடம் எடுத்துவிட்டேன். வியாழக்கிழமை இரவு றெயிலில் இடம் கிடைக்கவில்லை என்றால் பஸ்ஸில் வருவேன். கப்பல்துறையில் இறக்கிச் சோதித்தாலும், அதற்கு அப்பால் பத்து இடத்தில் இறக்கிச் சோதித்தாலும் இறங்கி ஏறி வருவேன். நீ அதற்கு முன்னரே போயிருந்தால் நல்லது, என்ன சொன்னார்கள் என்று எனக்குச் சொல். போகாமல் இருந்தால் சேர்ந்து போவோம். வரிசையில் நான் உன் பக்கத்தில் இருப்பேன், டொக்டரின் அறைக்கு நீ தனியே போ, கதவுக்கு வெளியே நிற்கிறேன். பகிடி ஒன்றும் விடமாட்டேன், பயப்படாதே.

அம்மா குசினியில் நின்று ஒரே ஒரு தரம் சொன்னார், நான் சிரித்தேன். நீ ஒரு கடிதத்தின் அடியில் நாலு வரியில் சொல்லியிருக்கிறாய், அதையும் என்னுடைய பகிடியையே எடுத்து மூடிச் சொல்லியிருக்கிறாய். எனக்குக் கேட்டுவிட்டது, மகள். இந்த முறை கேட்டுவிட்டது.

வெள்ளிக்கிழமை உன் வாசலில் நிற்கப்போகும்
அப்பா